எலுமிச்சை இலை சுருளுதா? பக்கத்துக் கறிவேப்பிலையையும் பாருங்க!

வீட்டுக்குப் பின்னால் ஒரு லிமாவ் கஸ்தூரி. பக்கத்திலேயே கறிவேப்பிலை. மலேசியாவில் பல தமிழர் வீடுகளில் பார்க்கக்கூடிய காட்சிதான்.

எலுமிச்சை இலை சுருண்டதும், "மருந்து அடிச்சா சரியாயிடும்" என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள்.

எந்தப் பூச்சி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

• இலையில் வளைந்து வளைந்து வெள்ளிக்கோடு: இலைக்கு உள்ளேயே வாழும் சிறு புழு. வளர்ந்த மரத்துக்குப் பெரிய பாதிப்பு இல்லை.

• பறவை எச்சம் மாதிரி ஒரு புழு: வண்ணத்துப்பூச்சியின் குட்டிப்புழு. வளர்ந்ததும் பச்சையாகிவிடும். கையால் எடுத்துவிட்டாலே போதும்.

• எறும்பு வரிசை, பிசுபிசுப்பு, கறுப்புப் படலம்: செடிப்பேன், மாவுப்பூச்சி அல்லது செதில்பூச்சி. அவை சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் காவல் காக்கும். எறும்பையும் தடுக்க வேண்டும்.

எது உண்மையில் ஆபத்து?

சைலிட் என்ற பூச்சி. நீளம் 3 முதல் 4 மில்லிமீட்டர்தான். தலையைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கியபடி துளிரில் உட்கார்ந்திருக்கும். 'கிரீனிங்' நோய்க் கிருமியைப் பரப்புவது இதுதான்.

நோய் வந்தால் இலையில் மஞ்சள் திட்டுகள் தெரியும். சத்துக் குறைவு என்றால் நடு நரம்பின் இரு பக்கமும் ஒரே மாதிரி மஞ்சளாகும். இதில் இரு பக்கமும் ஒத்துப்போகாது. காய் சிறுத்து, கோணலாகும். இதற்கு மருந்தே இல்லை. மரம் மெல்ல மெல்லப் பட்டுப்போகும்.

கறிவேப்பிலைக்கு என்ன சம்பந்தம்?

இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். கறிவேப்பிலைத் துளிரிலும் சைலிட் முட்டையிட்டுப் பெருகும். அங்கிருந்து எலுமிச்சைக்குத் தாவும்.

"அப்போ வெட்டிடணுமா?" வேண்டாம். சமையலுக்குப் பறிக்கும்போது துளிரையும் ஒரு பார்வை பாருங்கள். பூச்சி இருந்தால் அந்த நுனியை மட்டும் கிள்ளி, பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

வீட்டிலேயே என்ன செய்யலாம்?

1. குழாய் நீரை வேகமாக இலையின் அடிப்பக்கத்தில் பீய்ச்சுங்கள்.

2. போகவில்லையா? 1 லிட்டர் தண்ணீரில் 1 தேக்கரண்டி மென்மையான திரவ சோப்பு கலந்து, மாலையில் தெளியுங்கள். முதலில் நாலைந்து இலையில் சோதித்துப் பாருங்கள்.

3. கடுமையான பூச்சிமருந்து வேண்டாம். அது செடிப்பேனைத் தின்னும் பொறிவண்டையும் கொன்றுவிடும். அந்தக் கறிவேப்பிலை உங்கள் குழம்புக்குள் வரப்போகிறது என்பதையும் மறக்காதீர்கள்.

மஞ்சள் திட்டும் கோணல் காயும் சேர்ந்து தெரிந்தால், படம் எடுத்து அருகிலுள்ள விவசாயத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். அதுவரை அந்த மரத்திலிருந்து பதியனோ கிளையோ யாருக்கும் கொடுக்காதீர்கள். ஒரு மரம் போனாலும் பக்கத்து வீட்டு மரமாவது பிழைக்கும்.