லீவுல பிள்ளைங்க சும்மா விளையாடினா நஷ்டமா?



ஏப்ரல் வந்தாலே வருமான வரிக் கேள்விகளோட இன்னொரு கேள்வியும் சேர்ந்து வரும். "சம்மர் கேம்ப் ஃபீஸை டியூஷன் ஃபீஸ் வரிக் கழிவுல காட்டலாமா?"

காட்ட முடியாது. அந்தக் கழிவு பள்ளி, கல்லூரி முழுநேரப் படிப்புக்கான டியூஷன் ஃபீஸுக்கு மட்டும்தான். அதுவும் பழைய வரி முறையில் இருந்தால், இரண்டு பிள்ளைகள் வரைக்கும். நீச்சல், அபாகஸ், ரோபாட்டிக்ஸ் கேம்ப் எதுவும் அதில் வராது. அதாவது, வரி கட்டினது போக மிஞ்சின பணத்திலிருந்துதான் இதைக் கட்டறீங்க.

ஒரு உதாரணக் கணக்கு பார்க்கலாம். வீட்ல இரண்டு பிள்ளைங்க, ஆளுக்கு இரண்டு கேம்ப், ஒரு கேம்ப் ₹5,000. மொத்தம் ₹20,000. வேன், யூனிஃபார்ம், கிட் எல்லாம் ₹6,000. ஆக, வருஷத்துக்கு ₹26,000. இதே தொகையை ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் 7% வட்டியில் போட்டு வந்தால், 10 வருஷத்தில் சுமார் ₹3.59 லட்சம்.

உடனே கேம்ப்பை நிறுத்துங்கன்னு சொல்ல வரலை. எதுக்காகக் கட்டறோம்னு தலைப்பு பிரிச்சு எழுதிப் பாருங்க. பெரும்பாலும் மூணு தலைப்புக்குள்ள அடங்கிடும்.

1. பிள்ளை தானா ஆசைப்பட்டுக் கேட்டது. தாராளமா கட்டுங்க.

2. நாம ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், பார்த்துக்க ஆள் இல்லை. இது நியாயமான செலவு. ஆனா இது பிள்ளையைப் பார்த்துக்கிறதுக்கான கூலி, படிப்புச் செலவு இல்லை. அந்தக் கண்ணோட்டத்தில் விலை விசாரிங்க.

3. பக்கத்து வீட்டுப் பிள்ளை முந்திடுமோங்கிற பயம். வெட்ட வேண்டியது இதைத்தான்.

ஏன்னா மூணாவது தலைப்பில் போறது பணம் மட்டும் இல்லை, பிள்ளையோட சொந்த நேரமும்தான். கேம்ப்ல விசில் அடிக்க ஒரு ஆள், ரூல் சொல்ல ஒரு ஆள். தெருவில் அப்படி யாரும் கிடையாது. அவுட்டா இல்லையான்னு அவங்களே சண்டை போட்டு அவங்களே முடிக்கணும். ஆட்டம் நின்னுடக் கூடாதுன்னா யாராவது விட்டுக் கொடுத்தே ஆகணும். சின்னப் பையன் அழுதா "ஒப்புக்குச் சப்பாணி"ன்னு ஆட்டத்தில் சேர்த்துக்குவாங்க. அந்த ரூலை எந்த கோச்சும் எழுதலை, பிள்ளைங்களே உண்டாக்கினது. கோலிகுண்டு பத்தையும் தோத்துட்டு வந்தவனுக்கு, மிச்சம் இருக்கிறதை எண்ணி ஆடத் தானா தெரியும். பணம் பத்தி நான் வீடியோவில் பேசுறதில் பாதி அதுதான்!

உடம்புக் கணக்கும் இருக்கு. 5 முதல் 17 வயசுப் பிள்ளைங்க தினமும் சராசரியா 60 நிமிஷமாவது ஓடியாடணும்னு உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொல்லியிருக்கு. சீனாவின் குவாங்சோ நகரத்தில் ஒரு ஆய்வு, 2015-ல் வெளியானது. முதல் வகுப்புப் பிள்ளைங்களைப் பள்ளி நாட்களில் கூடுதலா 40 நிமிஷம் வெளியே விட்டாங்க. மூணு வருஷத்தில் அவங்கள்ல சுமார் 30% பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. கூடுதல் நேரம் இல்லாதவங்கள்ல சுமார் 39% பேருக்கு வந்தது.

"சரிங்க, எங்க விளையாடுறது? யாரு பார்த்துக்கிறது?" நியாயமான கேள்வி. என்னோட யோசனைகள்:

• ஐந்து குடும்பம் சேருங்க. சாயங்காலம் ஒரு நாளைக்கு ஒருத்தர் கண்காணிப்பு. சேர் போட்டு உட்காருங்க, அடிபட்டா எழுந்து போங்க. மத்தபடி நடுவரா மாறாதீங்க.

• அபார்ட்மெண்ட்டா? "இங்கே பந்து விளையாடக் கூடாது" போர்டு இருக்கா? அசோசியேஷன் கூட்டத்தில் எழுத்துல கேளுங்க: லீவு முடியற வரைக்கும் 4.30-லிருந்து 6.30 வரை ஒரு பக்கப் பாதையில் வண்டி வேண்டாம்னு. மெயின்டனன்ஸ் நீங்களும்தானே கட்டறீங்க!

• கத்திரி வெயிலில் மதிய நேரம் வேண்டாம். காலை 9 மணிக்குள்ள, இல்லைன்னா வெயில் தாழ்ந்த பிறகு. கூடவே தண்ணி பாட்டில்.

• முட்டி சிராய்ப்புக்குப் பயப்படாதீங்க. வண்டி ஓடுற ரோடு, கிணறு, குளம், ஏரி, இதில் மட்டும் கண்டிப்பா இருங்க. பெரியவங்க துணை இல்லாம தண்ணிப் பக்கமே போகக் கூடாது.

• பட்ஜெட்: பம்பரம், ரப்பர் பந்து, ஸ்கிப்பிங் கயிறு, பாண்டி கட்டம் போட சாக்பீஸ், தொப்பி, பிளாஸ்திரி. ₹1,000 ஒதுக்கினா போதும்.

• ஊர்ல தாத்தா பாட்டி இருந்தா இரண்டு வாரம் அங்கே அனுப்புங்க. பஸ் டிக்கெட் கேம்ப் ஃபீஸை விட மலிவு.

முதல் இரண்டு நாள் "போர் அடிக்குது"ன்னு உங்க போனைக் கேட்டு வருவாங்க. கொடுத்துடாதீங்க. மூணாவது நாள் அவங்களே ஏதாவது ஒரு ஆட்டம் கண்டுபிடிப்பாங்க.

கேம்ப் ஃபார்ம்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இன்னிக்கு ராத்திரி ஒரு வேலை செய்யுங்க. மே மாச காலண்டரைப் பிள்ளை முன்னாடி வைங்க. பாதி நாளையாவது எதுவும் எழுதாம காலியா விடுங்க. அந்த நாட்கள்ல என்ன செய்யறதுன்னு பிள்ளையே முடிவு பண்ணட்டும்.