டெங்கு காய்ச்சலில் திடீரெனக் கால்கள் செயலிழப்பது ஏன்? பொட்டாசியம் குறைவே காரணமாகலாம்

திருவனந்தபுரம்: கேரளத்தில் 2017-ஆம் ஆண்டு டெங்கு காய்ச்சல் பரவியபோது சுமார் 20 ஆயிரம் பேருக்கு நோய் உறுதி செய்யப்பட்டது. மிக அதிக பாதிப்பைச் சந்தித்த மாவட்டம் திருவனந்தபுரம். டெங்கு என்றாலே ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கைதான் பலரது கவலையாக உள்ளது. ஆனால், அரிதாகச் சிலருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து கை, கால்கள் செயலிழப்பதும் உண்டு. மருத்துவ இதழ்களில் பதிவான இத்தகைய பாதிப்புகளில் பெரும்பாலானவை இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்தவை.

காரணம் என்ன?

உடலில் உள்ள பொட்டாசியத்தில் சுமார் 98 சதவீதம் செல்களுக்குள்ளேயே இருக்கிறது. ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருப்பது இயல்பான அளவு. இது 2.5-க்குக் கீழே சரிந்தால் தசைகளின் இயக்கம் கடுமையாகப் பாதிக்கப்படலாம். இதயத் துடிப்பும் சீரற்றுப் போகலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு, சிறுநீர் ஆகியவற்றின் வழியே பொட்டாசியம் வெளியேறுகிறது. காய்ச்சலின்போது அதிகம் சுரக்கும் அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள், ரத்தத்தில் உள்ள பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளுவதும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

சோர்வா, பலவீனமா?

காய்ச்சல் சோர்வில் உடல் வலித்தாலும் எழுந்து நடக்க இயலும். பொட்டாசியம் குறைந்தவருக்கோ, உணர்வு மாறாமல் இருந்தும், உட்கார்ந்த நிலையிலிருந்து எழவோ, தலை வாரக் கையை உயர்த்தவோ இயலாது. பெரும்பாலும் இரு பக்கமும் ஒரே அளவில் பாதிக்கப்படும். வைரஸ் தொற்றுக்குப் பின் நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோயிலும் கால்கள் பலவீனமடையும். அதன் சிகிச்சை முற்றிலும் வேறு என்பதால், ரத்தத்தில் பொட்டாசியம் அளவை உடனே பரிசோதிப்பது அவசியம். இசிஜி பரிசோதனை இதயத்தின் நிலையைக் காட்டும்.

சிகிச்சை

பொட்டாசியத்தை மருந்தாகவோ, டிரிப்ஸ் மூலமாகவோ மருத்துவர்கள் செலுத்துகின்றனர். பலரும் ஓரிரு நாள்களில் மீண்டும் நடக்கின்றனர். வேகமாகச் செலுத்தினால் இதயம் நின்றுவிடும் அபாயம் உள்ளதால், இதனை மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே செய்ய வேண்டும்.

காய்ச்சல் காலத்தில் ஓஆர்எஸ் கரைசல், இளநீர், வாழைப்பழம் ஆகியவை பொட்டாசியம் இழப்பை ஓரளவு ஈடுசெய்யும். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றை அதிகம் உட்கொள்ளக் கூடாது. கால்கள் தளர்ந்த பிறகு இளநீரை மட்டும் நம்பி வீட்டில் காத்திருப்பது ஆபத்தானது. எழ இயலாத நிலை, மூச்சுத் திணறல், படபடப்பு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் நோயாளியை உடனடியாக மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.