பிள்ளையின் முதல் பாஸ்போட்: பெயரில் ஆரம்பிக்கும் கணக்கு

கண்டி கொழும்பு வீதியிலும் கட்டுகலையிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்களில் சென்னை, துபாய், குவாங்சோ என்று சரக்கெடுக்கப் போய் வருவோர் பலர். தமது பாஸ்போட் எந்த மாதம் முடிகிறது என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் வீட்டில் பிறந்த கைக்குழந்தைக்கும் ஒரு பாஸ்போட் வேண்டும் என்பது குடும்பத்தோடு பயணம் முடிவான பிறகுதான் பலருக்கு ஞாபகம் வருகிறது. பிள்ளையின் பெயரை உம்மாவின் பாஸ்போட்டில் எழுதிக்கொண்டு போன காலம் முடிந்துவிட்டது. இன்று ஒரு நாள் வயதுப் பிள்ளைக்கும் தனிப் பாஸ்போட்தான்.

இந்த வேலை குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் ஆரம்பிப்பதில்லை, பிறப்புப் பதிவாளரிடம் ஆரம்பிக்கிறது. பிறந்து 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். பிள்ளை எங்கே பிறந்ததோ அந்தப் பகுதிப் பதிவாளரிடமே பதிவு. அக்குறணைப் பிள்ளை கண்டி ஆஸ்பத்திரியில் பிறந்தால் பதிவும் கண்டியில்தான்.

நான் வியாபாரிகளிடம் அழுத்திச் சொல்வது பெயரைப் பற்றித்தான். எமது பகுதியில் பிறப்புச் சான்றிதழ் பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்படுகிறது. பாஸ்போட்டில் அது ஆங்கிலத்துக்கு மாறுகிறது. முஹம்மத் என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறோம். வாப்பாவின் அடையாள அட்டையில் ஒரு விதம், பிள்ளையின் சான்றிதழில் வேறு விதம் என்றால் விசா, வங்கிக் கணக்கு, சொத்துப் பத்திரம் என்று போகுமிடமெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டி வரும். எனவே பதிவாளரிடம் போகுமுன் பெயரை மூன்று மொழியிலும் ஒரு தாளில் எழுதி, பெற்றோரின் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெயரின் நீளமும் கவனிக்க வேண்டியது. பாஸ்போட்டின் அடியில் இயந்திரம் வாசிக்கும் இரண்டு வரிகள் உண்டு. ஒரு வரிக்கு 44 இடம், அதில் பெயருக்கு 39 மட்டுமே. 'முஹம்மத் அப்துல் ரஹ்மான் பாத்திமா ஸைனப்' என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் இடைவெளியோடு 35. இன்னொரு 'மர்யம்' சேர்ந்தால் 42. அந்த வரியில் பெயர் வெட்டுப்படும்.

அடுத்து விண்ணப்பம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் ஆவணங்கள், சம்மதக் கடிதம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். வாப்பா வெளிநாட்டில் இருந்தால் அவரது சம்மதத்தை அங்குள்ள இலங்கைத் தூதரகத்தின் ஊடாகப் பெறுவதற்கும் நாட்களை ஒதுக்குங்கள். 2015 முதல் 16 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்டோரே கைவிரல் அடையாளம் கொடுக்க வேண்டும், குழந்தைக்கு அது இல்லை. ஆனால் படம் அங்கீகாரம் பெற்ற ஸ்டூடியோவிலேயே எடுக்க வேண்டும். பிள்ளை பால் குடித்து விழித்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போவது நல்லது. பத்தரமுல்லைக்குப் போகாமலே கண்டிக் கிளை அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம். கட்டணம் அடிக்கடி மாறுவதால் போகும் வாரத்தில் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

இனி வியாபாரக் கணக்கு. 16 வயதுக்குட்பட்ட பிள்ளையின் பாஸ்போட் மூன்று வருடத்துக்கு வழங்கப்படுகிறது. பல நாடுகள் ஆறு மாதம் மீதியிருக்க வேண்டும் என்கின்றன. ஆகவே கையில் இருப்பது உண்மையில் இரண்டரை வருடச் சரக்கு. பயணமே இல்லாமல் எடுத்து அலுமாரியில் வைப்பது நஷ்டம். கடைசி வாரம் வரை இழுப்பது அதைவிடப் பெரிய நஷ்டம். 2024இல் வெற்றுப் பாஸ்போட் புத்தகங்களுக்குத் தட்டுப்பாடு வந்து, மக்கள் பத்தரமுல்லையில் இரவு பகலாக வரிசையில் நின்றதை மறந்துவிடக் கூடாது. டிக்கட்டுக்குப் பணம் கட்டுமுன் பாஸ்போட்டைக் கையில் எடுங்கள்.

வளைகுடாவில் தொழில் செய்வோருக்கு ஒரு வார்த்தை. அங்கே பிறக்கும் பிள்ளை இலங்கையில் பிறந்த பிள்ளையைப் போலல்ல. ஒரு வருடத்துக்குள் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி பதிந்து சான்றிதழ் பெற வேண்டும். முன்பு வாப்பா இலங்கையராக இருந்தால் மட்டுமே இந்த உரிமை கிடைத்தது. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் உம்மா மூலமும் கிடைக்கிறது. இந்தச் சான்றிதழ் தவறினால் நாளைக்குப் பாடசாலை, அடையாள அட்டை, சொத்து எல்லாவற்றிலும் அந்தப் பிள்ளைதான் அலைய நேரிடும். ஆகவே பிறந்த வீட்டுச் சந்தோஷம் ஓய்வதற்குள் இந்த வேலையை முடித்து, சான்றிதழின் பிரதிகளை ஊரில் ஒன்றும் கையில் ஒன்றுமாக வைத்துக்கொள்ளுங்கள்.