சம்பு நாத் டேயின் ஆய்வு வெளியீடுகளும் மேற்கோள் தாக்கமும்

சம்பு நாத் டே (1 பெப்ரவரி 1915 – 15 ஏப்ரல் 1985) காலரா நச்சைக் கண்டறிந்த இந்திய நோயியல் அறிஞர் ஆவார். இவர் மேற்கு வங்காளத்தின் ஊக்ளி மாவட்டத்தில் பிறந்தார். கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்று, இலண்டனில் ராய் கேமரூனின் வழிகாட்டுதலில் 1949 இல் முனைவர் பட்டம் பெற்றார். நாடு திரும்பியபின் கொல்கத்தாவிலேயே பணியாற்றினார். ஆய்வுக் கட்டுரைகளுக்குக் கிடைக்கும் மேற்கோள்களின் எண்ணிக்கை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதற்கு இவரது வாழ்க்கை அடிக்கடி எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

முக்கிய வெளியீடுகள்

டேயின் புகழ் முதன்மையாக மூன்று கட்டுரைகளைச் சார்ந்தது.

1953: முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியின் இரு முனைகளையும் கட்டி, அதனுள் காலராக் கிருமிகளைச் செலுத்தினால் அங்கு நீர் சேர்வதைச் சாட்டர்ஜியுடன் இணைந்து காட்டினார். இது 'குடல் வளைய முறை' எனப்படுகிறது.

1956: அதே முறையைக் கொண்டு, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் எசரிக்கியா கோலை வகைகளை ஆராய்ந்தார்.

1959: கிருமிகள் முற்றிலும் நீக்கப்பட்ட வளர்ப்பு வடிநீரும் குடலில் நீரைச் சேர்க்கிறது என்று நேச்சர் இதழில் வெளியிட்டார். இக்கட்டுரை இரு பக்கங்களுக்குள் அடங்கியது.

காலராக் கிருமி ஒரு நச்சை உண்டாக்கலாம் என்று இராபர்ட் கோக் 1884 இலேயே கருதியிருந்தார். எனினும் பலர் அந்த நச்சை இரத்தத்தில் செலுத்திச் சோதித்ததால் விடை கிடைக்கவில்லை. டே அதைக் குடலுக்குள்ளேயே செலுத்திப் பார்த்தார். அதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவைப்படவில்லை.

மேற்கோள்களின் போக்கு

1959 ஆம் ஆண்டுக் கட்டுரை வெளிவந்த உடன் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1960களில் காலரா ஆய்வு விரிவடைந்தபோதே அதற்கான மேற்கோள்கள் கூடின. 1969 இல் பிங்கெல்சுடீனும் லோசுபல்லூட்டோவும் அந்த நச்சைத் தூய்மைப்படுத்தினர். அறிவியல் மேற்கோள் சுட்டியை உருவாக்கிய யூஜின் கார்பீல்டு, டே இறந்த மறு ஆண்டான 1986 இல், காலரா ஆய்வில் அவரது தாக்கத்தை மேற்கோள் தரவுகளைக் கொண்டு விளக்கிக் கட்டுரை எழுதினார்.

அங்கீகாரம்

1978 இல் காலரா குறித்த நோபல் கருத்தரங்குக்கு டே அழைக்கப்பட்டார். நோபல் பரிசு பெற்ற யோசுவா லெடர்பர்க் அவரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தார். ஆயினும் இந்தியாவின் எந்த அறிவியல் கழகமும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. 1990 இல் கரண்ட் சயின்சு இதழ் அவரது நினைவாகச் சிறப்பிதழ் வெளியிட்டது.

மதிப்பீடு

வெளியான ஓரிரு ஆண்டுகளில் கிடைக்கும் மேற்கோள்களை மட்டும் எண்ணினால், டேயின் பணி போன்றவை தவறிவிடும். மறுபுறம், ஒரு கண்டுபிடிப்பு பாடநூல் அறிவாகிவிட்டால், பலர் மூலக் கட்டுரையைச் சுட்டாமலே அதைப் பயன்படுத்துவர். சமூகவியலாளர் இராபர்ட் மெர்டன் இப்போக்கை விளக்கியுள்ளார். காலரா நச்சு குடற்சுவரை அழிக்காமல் நீரை வெளியேறச் செய்கிறது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடல் தொடர்ந்து உறிஞ்சும் என்பதே வாய்வழி நீரேற்றச் சிகிச்சையின் அடிப்படை. அச்சிகிச்சையால் உயிர் பிழைத்தோரின் எண்ணிக்கை எந்த மேற்கோள் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.