பதின்பருவத்தினரின் படிப்பும் திறன்பேசிக் கவனச்சிதறலும்

திறன்பேசிக் கவனச்சிதறல் என்பது படிக்கும்போது அறிவிப்பு ஒலி, குறுஞ்செய்தி, காணொளி, விளையாட்டு முதலியவற்றால் மாணவரின் கவனம் பாடத்திலிருந்து விலகுவதாகும்.

பின்னணி

தமிழ்நாட்டில் 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் இடம்பெற்றன. 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடங்கள் வாட்ஸ்அப் வழியாகவும் வந்தன. இதனால் திறன்பேசி படிப்புக்கும் தேவைப்படும் கருவியானது. இந்திய ஊரகப் பகுதிகளில் நடத்தப்பட்ட ஏசர் 2024 ஆய்வின்படி, திறன்பேசியைப் பயன்படுத்தத் தெரிந்த 14–16 வயதினரில் 57 விழுக்காட்டினர் முந்தைய வாரத்தில் அதைப் படிப்புக்கும், 76 விழுக்காட்டினர் சமூக ஊடகத்துக்கும் பயன்படுத்தியிருந்தனர்.

கவனம் சிதறும் விதம்

கவனம் ஒருமுறை கலைந்தால் மீண்டும் பாடத்தில் ஒன்ற 20 நிமிடம் வரை ஆகலாம் என யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு அறிக்கை குறிப்பிடுகிறது. டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், திறன்பேசியை வேறு அறையில் வைத்தவர்கள், மேசைமேல் வைத்தவர்களைவிடச் சோதனைகளில் சிறப்பாகச் செய்தனர். பின்னர் வந்த எல்லா ஆய்வுகளிலும் இதே முடிவு கிடைக்கவில்லை.

சேலம், நாமக்கல் பகுதிகளில்

நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்கள் தனியார் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்குப் பெயர்பெற்றவை. இத்தகைய விடுதிகளில் பொதுவாகக் கைப்பேசிக்கு அனுமதியில்லை. ஆனால் விடுமுறையில் வீடு திரும்பும் மாணவருக்கு அந்தக் கட்டுப்பாடு இருப்பதில்லை. தாமே கட்டுப்படுத்திப் பழகாதவர் அப்போது தடுமாறலாம். வீட்டிலிருந்து பள்ளி செல்வோரின் சிக்கல் வேறு. லாரி, விசைத்தறித் தொழில் செய்யும் குடும்பங்களில் ஒரே கைப்பேசியைப் பலர் பயன்படுத்தினால், வெளியூர் சென்ற தந்தையின் அழைப்பும் அதில்தான் வரும். அதை அணைத்து வைக்க முடியாது.

உதவும் வழிகள்

• படிக்கும் நேரத்தில் கைப்பேசி வேறு அறையில் பெரியவர் ஒருவரிடம் இருக்கலாம். அழைப்பு வந்தால் அவர் எடுப்பார்.
• கைப்பேசியில் பார்க்க வேண்டிய பாடக் காணொளிகளைக் குறித்துவைத்து, இறுதியில் ஒரே நேரத்தில் பார்க்கலாம்.
• 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்ற முறையைப் பின்பற்றலாம். ஓய்வில் கைப்பேசியைத் தொடாமல் எழுந்து நடப்பது நல்லது.
• ஆண்ட்ராய்டு கைப்பேசியிலுள்ள ஃபோகஸ் மோடு, தேர்ந்தெடுத்த செயலிகளை மட்டும் நிறுத்திவைக்கும், அழைப்புகளைத் தடுக்காது.
• விதிகளைப் பிள்ளைகளோடு பேசி முடிவுசெய்து, அந்நேரத்தில் பெற்றோரும் திரையைத் தவிர்க்கலாம்.

திறன்பேசி இல்லாமல் படிக்க இயலாத அளவுக்கோ உறக்கம் கெடும் அளவுக்கோ பழக்கம் முற்றினால் மனநல ஆலோசனை தேவைப்படும். பெங்களூருவிலுள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென 2014 முதல் தனிச் சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது.