மொழிச் சுவரைத் தாண்டிய 'ஜகாட்'

மலேசியத் திரைப்பட விழாவின் உயரிய விருதை ஒரு தமிழ்ப் படம் வென்றது நினைவிருக்கிறதா?

2016-இல் நடந்த 28-ஆவது விழா அது. தேசிய மொழியான மலாயில் எடுக்கப்படாத படங்களுக்குத் தனிப்பிரிவு என்றார்கள் ஏற்பாட்டாளர்கள். திரைக்கலைஞர்கள் கொதித்தெழுந்தார்கள், முதன்மை விருது எல்லா மொழிக்கும் திறந்துவிடப்பட்டது.

சிறந்த மலேசியத் திரைப்பட விருதைத் தட்டிச் சென்றது 'ஜகாட்'. இயக்குநர் சஞ்சய் குமார் பெருமாளுக்குச் சிறந்த புதுமுக இயக்குநர் விருதும் கிடைத்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்கு வீடுகளில் ஒண்டிய நம்மவர்களின் வாழ்க்கையை, அப்போய் என்ற 12 வயதுச் சிறுவனை வைத்துச் சொன்ன கதை இது.

இதுபோன்ற படங்கள் தொடர்ந்து வரவேண்டுமானால், உள்ளூர்ப் படம் வெளியான முதல் வாரத்திலேயே டிக்கெட் வாங்கிவிடுங்கள். கூட்டம் இல்லையென்றால் காட்சிகள் சட்டென்று குறைந்துவிடும்.