பதக்கப் பட்டியலில் கம்பாட்டம்: சிறார்களின் விரல்களுக்கு யார் பொறுப்பு?

புதுதில்லி: பஞ்சாபின் கட்கா, மணிப்பூரின் தாங்-தா, கேரளத்தின் களரிப்பயட்டு ஆகிய தற்காப்புக் கலைகளையும் மல்லகம்பத்தையும் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சேர்ப்பதாக மத்திய விளையாட்டு அமைச்சகம் 2020 டிசம்பரில் அறிவித்தபோது, எதிர்ப்புக் குரல் எழவில்லை. 2022 ஜூனில் ஹரியாணா மாநிலம் பஞ்ச்குலாவில் 18 வயதுக்கு உட்பட்டோர் இவற்றில் பதக்கத்துக்காகக் களமிறங்கினர். 2023-இல் கோவாவில் நடைபெற்ற தேசிய விளையாட்டுப் போட்டிகளிலும் கட்கா இடம்பெற்றது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற இளைஞர் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது.

தில்லியின் அங்கீகாரம் மரபுக் கலைகளுக்குப் புத்துயிர் தரும் என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்த அங்கீகாரம் கலையின் இயல்பையே மாற்றிவிடுகிறது என்பது அதிகம் பேசப்படாத செய்தி. அனந்தபூர் சாஹிபில் ஹோலா மொஹல்லா திருவிழாவின்போது நிஹாங் சீக்கியர்கள் வாள் சுழற்றுவதைக் காணக் கூட்டம் திரளும். அது ஆற்றலின் வெளிப்பாடு. அங்கே யாரும் யாரையும் வெல்ல வேண்டியதில்லை. போட்டிக் களமோ வேறு. எதிரே நிற்பவர் உண்மையாகவே அடிக்க முயல்கிறார். கேலோ இந்தியா திட்டத்தில் தெரிவாகும் வீரருக்கு மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுத் தொகை கிடைக்கிறது. சிற்றூர்க் குடும்பம் ஒன்றுக்கு இது சிறு தொகையன்று. அந்தத் தொகையை எதிர்நோக்கி, பயிற்சியின் படிகளைத் தாண்டிக் குதிக்கும் ஆசை ஆசானுக்கும் வரும், பெற்றோருக்கும் வரும்.

கம்பாட்டத்தில் முதலில் அடிபடுவது தலையன்று, விரல்கள். கம்பைப் பற்றியிருக்கும் கைதான் எதிராளிக்கு மிக அருகில் இருக்கிறது. கட்காவில் இடக்கையில் பிடிக்கும் 'ஃபர்ரி' என்ற வட்டக் கேடயம் ஏறத்தாழ ஒரு சாண் அகலமே உடையது. அது தேர்ந்தவருக்குப் போதும்; தொடக்க நிலைச் சிறுவனுக்குப் போதாது. மணிப்பூர்க்காரர்கள் இதில் முன்யோசனையுடன் இருந்திருக்கிறார்கள். அங்கு வாளுக்கு மாற்றாகக் கையாளப்படும் 'செய்பி', மென்தோல் சுற்றிய கோல். நீளம் இரண்டு முதல் இரண்டரை அடி. கேடயம் ஏறத்தாழ ஒரு மீட்டர் விட்டம் உடையது. ஏழு மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் மோதல் நடைபெறுகிறது. வெற்றி புள்ளிகளால் தீர்மானிக்கப்படுகிறது. 1891-ஆம் ஆண்டுப் போரில் மணிப்பூரை வென்ற ஆங்கிலேயர் தடைசெய்த போர்க்கலை ஒன்று, விளையாட்டாக உருமாறி நிற்பதை இந்த விதிகளில் காணலாம்.

எனினும், தோலும் பஞ்சும் மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடா. இதைக் குத்துச்சண்டை உலகம் அறிந்திருக்கிறது. 1984 ஒலிம்பிக்கில் கட்டாயமான தலைக்கவசத்தை, அன்றைய சர்வதேச குத்துச்சண்டைச் சங்கம் 2013-இல் ஆடவர் பிரிவில் நீக்கியது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆடவர் வெறுந்தலையுடன் மோதினர். கவசம் பார்வையை மறைக்கிறது, அணிந்தவருக்கு அளவுமீறிய துணிச்சலையும் தருகிறது என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களுள் அடங்கும். அந்த முடிவு சரியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

கம்பாட்டத்தையே தேசியக் கலையாக அறிவித்த நாடு பிலிப்பைன்ஸ். 2009 டிசம்பரில் இயற்றப்பட்ட குடியரசுச் சட்டம் 9850, அர்னிஸ் என்னும் கலையை அந்நாட்டின் தேசியத் தற்காப்புக் கலையாகவும் விளையாட்டாகவும் அறிவித்தது. அங்கும் இதே சிக்கல் எழுந்தது. உடல் முழுவதும் கவசம் பூண்டு பிரம்பால் மோதும் போட்டி முறையில், தடுப்பதை மறந்து அடிமேல் அடி பரிமாறும் பழக்கம் தலைதூக்கியது. வலிக்காத அடியை யார் தடுப்பார்? கையில் இருப்பது வாளாக இருந்தால் இருவருமே வீழ்ந்திருப்பர் என்ற குறைகூறல் அக்கலையின் உள்ளிருந்தே வந்தது.

அங்குள்ள தேர்ந்த ஆசான்கள் பலர் கைக்கொள்ளும் வழி, மோதலைத் தவணை முறையில் தருவது. முதலில் காலடி. பின்னர் ஒருவர் ஓர் அடியை மட்டும், முன்கூட்டியே சொல்லி, மெதுவாக வீச, மற்றவர் தடுக்கிறார். அடுத்து, இரண்டு அடிகளுள் ஏதேனும் ஒன்று வரும். எது என்று தெரியாது. இந்த இடத்தில்தான் மாணவனின் கண் விழிக்கிறது. வேகம் இன்னும் பாதிதான். பிறகு பஞ்சுறையிட்ட கோலுடன் கை மட்டும் இலக்கு, அப்பால் கையும் காலும், எனக் களம் விரிகிறது. தலை இலக்காவது கடைசியில்தான். அதுவும் முகத்தட்டி பொருத்திய கவசத்துடன். பதற்றம் மிகும்போது ஒரு படி கீழே இறங்கிவிடுவர். இறங்குவதில் இழுக்கு ஏதுமில்லை என்று மாணவன் நம்பும் கூடத்திலேயே இம்முறை எடுபடும். கோலைத் தெரிவு செய்வதிலும் கவனம் உண்டு: பிரம்பு அடிபட்டால் நார்நாராகப் பிரியும், மூங்கிலோ கூரிய சிம்பாகப் பிளந்து கண்ணைப் பதம் பார்க்கும்.

இவை நம் மரபுக்கு அந்நியமானவை அல்ல. கட்காவில் 'பைந்தரா' என்னும் காலடிப் பயிற்சியே முதல் பாடம். சிலம்பத்தில் காலடி வரிசைக்குப் பிறகே கம்பு வீச்சு. தொடுமுறையில் தொட்டாலே புள்ளி, உடைக்கத் தேவையில்லை. அடுத்த போட்டிக்கு மூன்று மாதமே இருக்கிறது என்னும் அவசரமே புதிது.

அரசமைப்புச் சட்டத்தின்படி விளையாட்டு, மாநிலப் பட்டியலின் 33-ஆவது இனம். ஆயினும் அங்கீகாரமும் பதக்கமும் நிதியும் பெருமளவு தில்லி வழியாகவே பாய்கின்றன. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், பாதுகாப்பான விளையாட்டுக்கான கொள்கையைப் பற்றியும் பேசுகிறது. பெண்களையும் சிறாரையும் துன்புறுத்தலிலிருந்து காப்பது அதன் நோக்கம்; மிகவும் தேவையானதே. ஆனால், பன்னிரண்டு வயதுச் சிறுமி எந்த மாதத்தில் எந்தக் கோலை ஏந்தலாம் என்பதை எந்தச் சட்டமும் எழுதாது. அதை எழுத வேண்டியவை விளையாட்டுக் கூட்டமைப்புகள். போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது வயதுச் சான்றிதழ் கேட்பவர்கள், வரம்புக்குட்பட்ட மோதல் பயிற்சியை மாணவர் முடித்துள்ளார் என்ற ஆசானின் கையொப்பத்தையும் கேட்கலாம். அதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. விரல் கவசத்துக்கும் முகத்தட்டிக்கும் தேவைப்படும். அந்தச் செலவைச் சிற்றூர்ப் பயிற்சிக்கூடங்களின் தலையில் கட்டுவதா, பதக்கம் வழங்கும் அரசே ஏற்பதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் தில்லியில்தான் இருக்கிறார்கள்.